பன்னிரண்டாவது பிஸ்கட்டின் கண்

கவுஞ்சியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். இரண்டு மாதம் கேரட் கழுவிய இடம் அது. ஓடுகிற தண்ணீரில் நின்று நின்று கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருந்தது. இடது பெருவிரல் நகம் தானாகக் கழன்று விழுந்த அன்று மூட்டையைத் தூக்கிவிட்டேன். "ஏலே, இன்னும் ரெண்டு லோடு கெடக்கு, முடிச்சிட்டுப் போலே" என்று மேஸ்திரி பின்னால் இருந்து கத்தினார். கையை மட்டும் ஆட்டினேன். ஒரு இடத்தை விட்டுப் போகும்போது நான் திரும்பிப் பார்ப்பதில்லை. வைராக்கியம் எல்லாம் இல்லை, பழக்கம்.

பூம்பாறை வரை ஒரு பூண்டு லாரி ஏற்றிக்கொண்டது. அங்கிருந்து கொடைக்கானல் வரை ஜீப். ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், பள்ளங்கிப் பக்கம் பூண்டு ஊன்றுகிறார்கள், ஆள் பற்றவில்லை என்றார். இறங்கி ஒரு டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளங்கி ரோட்டைப் பிடித்தேன். மதியம் பன்னிரண்டு மணி இருக்கும்.

பாதி வழியில் மேகம் வந்துவிட்டது. அந்த மலையில் மேகம் மேலே இருந்து இறங்குவதில்லை. பக்கத்துப் பள்ளத்தில் இருந்து ஏறி வந்து ரோட்டைக் கடக்கும். முதலில் மரங்கள் போயின. பிறகு ரோட்டின் அந்தப் பக்கம் போனது. பிறகு என் செருப்பே எனக்குத் தெரியவில்லை. நடந்துகொண்டே இருந்தேன். முன்னால் யாரோ கனமாக மூச்சு விட்டார்கள்.

காட்டுமாடு. பத்தடி தூரத்தில், ரோட்டின் நடுவில் நின்றது. அதற்கு முழங்காலுக்குக் கீழே நான்கு காலும் வெள்ளை. அந்த வெள்ளை மேகத்தில் கரைந்துவிட்டதால், கறுத்த உடம்பு மட்டும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அது என்னைப் பார்த்தது என்றுதான் நினைக்கிறேன்.

காட்டுமாட்டின் முன்னால் ஓடக் கூடாது. பின்பக்கமாகவே அடி எடுத்து வைத்தேன். ஒரு இரும்புக் கேட் முதுகில் இடித்தது. தாழ் போடாமல்தான் இருந்தது. உள்ளே போய்ச் சாத்திக்கொண்டேன்.

பழைய கல் பங்களா. வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர். இரண்டு கையிலும் முழங்கை வரை மாவு.

"யாருய்யா அது?"

"ரோட்டுல மாடு நிக்கிதுக்கா. அது போனதும் போயிருதேன்."

"அது காலையில இருந்து நிக்கிது. லேசுல போகாது." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெறகு அடுப்பு பத்தவைப்பியா தம்பி?"

"வைப்பேன்."

"சும்மா அடுப்பு இல்ல. போறணை. பாண் சுடுற அடுப்பு."

நான் விழித்தேன்.

"ரொட்டிய்யா, ரொட்டி. எங்கம்மா சிலோன் தோட்டத்துல இருந்து கப்பல்ல வந்தவ. அவ வாயில இருந்ததுதான எனக்கும் வரும்."

"வத்தலகுண்டுல ஒரு பேக்கரியில ஆறு மாசம் வெறகு தள்ளிருக்கேன்" என்றேன்.

"அப்ப ஒன்னய அந்த மாடுதான் அனுப்பி வச்சிருக்கு. காலக் கழுவிட்டு வெரசா உள்ள வா."

சமையலறைச் சுவரோரமாகப் பழைய வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்று இருந்தது. இடது பக்கம் விறகு வைக்கிற வாய், வலது பக்கம் கதவு போட்ட பெட்டி. மேடை மேல் கரண்டில் ஓடும் ஓவன் ஒன்றும் இருந்தது. ஆனால் காலையில் அடித்த காற்றில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டிருந்தது. நான் உட்கார்ந்து சாம்பல் அள்ள, அந்த அக்கா மாவைப் பிசைந்தபடி விஷயத்தைச் சொன்னார்.

அவர் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆள். ஓனர் சென்னையில். அறைகளை விருந்தாளிகளுக்கு விடுவார்கள். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வருகிறார்கள். போன வருஷம் இதே மாதம் ஏழு வயது மகளோடு வந்தவர்கள். அப்போது இங்கே ஒரு சமையல்காரர் இருந்தார். அவரும் அந்தப் பிள்ளையும் சேர்ந்து இதே சமையலறையில் சீனி பிஸ்கட் சுட்டு, அதன் மேல் கலர் கலராகப் படம் போட்டு விளையாடியிருக்கிறார்கள்.

"மாசியில அந்தப் பிள்ள போயிருச்சு. காய்ச்சல். நாலே நாள்."

மாவு பிசைகிற சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

"இப்ப ரெண்டு பேரும் மட்டும் வாராக. வேற ஒண்ணும் கேக்கல. வந்து எறங்குனதும் அதே விசுக்கோத்து மேசையில இருக்கணுமாம். சமையக்காரர் போயி ஆறு மாசம் ஆச்சு. நேத்து ஓனரு போன் போட்டு, ஒனக்குச் செய்யத் தெரியுமில்லன்னு கேட்டாரு. தெரியும்னுட்டேன்."

"தெரியாதா?"

"விசுக்கோத்த டீயில முக்கத் தெரியும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏற்கெனவே என் பேர்ல ரெண்டு கம்ப்ளைன்ட் போயிருக்கு. இவுகளும் ஏதாச்சும் சொன்னாகன்னா பொட்டியக் கட்டிரணும்னு சொல்லிட்டாரு. பின்னாடி ஒரு ரூம்பு குடுத்திருக்காக, அதுலதான் கெடக்கேன். அத விட்டா போக எடமில்ல தம்பி."

எனக்கும் போக இடமில்லைதான். ஆனால் நான் போய்க்கொண்டே இருக்கிறவன். இவர் இருக்கிறவர். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும்.

போனைத் துடைத்து ஒரு போட்டோவைக் காட்டினார். அந்தத் தாய் அனுப்பியது. வெள்ளைத் தட்டில் பன்னிரண்டு பிஸ்கட். எல்லாம் ஒரே அச்சு. கையை விரித்து, காலை அகட்டி நிற்கிற குட்டிப் பெண். ரோஸ் கவுன், மூன்று பித்தான், வாயில் சிரிப்பு, இரண்டு கறுப்புப் புள்ளிக் கண். தட்டின் ஓரத்தைப் பிடித்தபடி நான்கு சின்ன விரல்கள் மட்டும் போட்டோவுக்குள் வந்திருந்தன. கையோ முகமோ வரவில்லை.

"இதே மாதிரி. கொஞ்சம்கூட மாறக் கூடாதாம்."

அந்த உருவத்தை நான் வேறு ஒரு இடத்தில் பார்த்திருக்கிறேன். மலைக்குக் கீழே, பழனி போகிற வழியில், மண் சிலை செய்கிறவர் வீட்டில் ஒரு கோடை முழுக்க மண் மிதித்தேன். குதிரை, காவல்காரச் சாமி எல்லாம் செய்வார்கள். கூடவே பிள்ளை பொம்மையும் செய்வார்கள். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் நேர்ந்துகொண்டு, குணமானதும் கோயிலில் கொண்டுபோய் வைக்கிற மண் பிள்ளை. அதுவும் இப்படித்தான், கையை விரித்துக்கொண்டு நிற்கும். சில பொம்மைகள், வாங்க யாரும் வராமலே, சுவரோரம் நிற்கும். ஏன் வரவில்லை என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

செய்முறையை ஓனர் இங்கிலீஷில் அனுப்பியிருந்தார். நான் எட்டாம் வகுப்பு வரை போனவன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பட்டர், சுகர், எக், மூன்றும் பிடிபட்டன. மற்றதைப் பாட்டில்களை மோந்து பார்த்துக் கண்டுபிடித்தோம். அளவு கிராமில் இருந்தது. வீட்டில் தராசு இல்லை. டம்ளரால் அளந்தோம். சீனி ஒரு பாக்கெட்தான் இருந்தது. மிக்ஸி ஓடாததால் அதை அம்மியில் வைத்துப் பொடித்தேன். பாதி மாவுக்கு, பாதி மேலே பூசுவதற்கு என்று அக்கா பங்கு பிரித்தார்.

அவர் பிசைந்த மாவு சேரவே இல்லை. அந்தக் குளிருக்கு வெண்ணெய் சோப்புக் கட்டியாக நின்றது. பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து இளக்கி, மறுபடி நான் பிசைந்தேன். கேரட் தண்ணீரில் என் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் வெண்ணெய் இறங்கியபோது சுகமாக இருந்தது. இரண்டு மாதத்தில் அந்தக் கைக்குக் கிடைத்த முதல் மருந்து.

மாவைச் சேர்த்ததும் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போடப் போனேன். அக்கா என் மணிக்கட்டில் அடித்தார்.

"என்ன காரியம் பண்ற? இது படையல்."

"பிஸ்கட்டுக்கா இது."

"செத்த பிள்ளைக்குப் பிடிச்சத, செத்த பிள்ளையப் பெத்தவக மேசையில வையுன்னு சொல்றாக. அதுக்குப் பேரு என்ன? நம்ம வாயில வச்சு எச்சிப்படுத்தக் கூடாது."

அவர் சொன்னது சரிதான். எங்கள் அப்பாவுக்கு வைத்த பிராந்தியைக்கூட நாங்கள் முதலில் தொட்டதில்லை. மாவை விட்டுவிட்டேன்.

சோடா பாட்டிலால் தேய்த்து, இழுப்பறையில் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்த தகர அச்சை எடுத்து வெட்டினேன். முதல் பெண்ணுக்குத் தலை அச்சிலேயே ஒட்டிக்கொண்டது. அச்சில் மாவு தடவிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொள்ள மூன்று தலை போனது. கடைசியில் பன்னிரண்டு தேறியது. ஓரத்தில் மிஞ்சிய மாவை உருட்டினால் இன்னொன்று வரும் போலிருந்தது. அக்கா அதை வாங்கி நெருப்பில் போட்டுவிட்டார்.

அடுப்பில் எனக்குப் பயம் இல்லை. பேக்கரியில் செய்கிற மாதிரி ஒரு சிட்டிகை மைதாவைப் பெட்டிக்குள் எறிந்து பார்த்தேன். எறிந்ததும் கறுத்தால் சூடு அதிகம். வெள்ளையாகவே கிடந்தால் சூடு பற்றாது. ஐந்து எண்ணுவதற்குள் பொன்னிறமாக வர வேண்டும். வந்தது. ஆறு பிள்ளைகளைத் தட்டில் படுக்கவைத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

அந்தக் கதவில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. குனிந்து பார்த்தேன். சூட்டில் அவை மெதுவாக உப்பின. மூச்சு இழுத்து நெஞ்சு உயர்வது மாதிரி. பிறகு அமுங்கின. நான் நிமிர்ந்துவிட்டேன். அதற்கு மேல் நேரத்தைக் கணக்கு வைத்துத்தான் எடுத்தேன், பார்த்து எடுக்கவில்லை.

அது தப்பாகப் போயிற்று. நெருப்பு இடது பக்கம் இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. ஆறு பேருக்கும் ஒரு பக்கத்துக் கை மட்டும் கறுத்திருந்தது.

"ஐயோ" என்றார் அக்கா. "தீப்பட்ட மாதிரி இருக்கே."

"கவுனுக்கு முழுக்கை வச்சிரலாம்."

"போட்டோல அரைக்கை."

"மூடித்தானக்கா ஆகணும். வெண்ணெய் தீந்துபோச்சு."

அடுத்த ஆறையும் பாதியில் தட்டைத் திருப்பிவிட்டு எடுத்தேன். நன்றாக வந்தன. ஆனால் எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதால் பன்னிரண்டு பேருக்கும் முழுக்கை என்று முடிவானது.

முட்டை வெள்ளையில் சீனிப் பொடியைப் போட்டு, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, கை வலிக்க அடித்தோம். பாதியில் ஒரு சொட்டுச் சிவப்புக் கலர் விட்டதும் ரோஸ் ஆனது. கழுவிய பால் பாக்கெட்டில் ஊற்றி, மூலையை ஊசி நுழைகிற அளவுக்கு வெட்டினேன். மருதாணிக் கூம்பு மாதிரிப் பிழிய வேண்டும். என் கோடு மண்புழு மாதிரி வளைந்தது. அக்கா பிடுங்கிக்கொண்டார். வாசலில் கோலம் போடுகிற கை. கவுனின் ஓரத்தை ஒரே இழுப்பில் முடித்தார். கைகளை மூடினார், பித்தான் வைத்தார். நான் வாய் மட்டும் வரைந்தேன். சிரிப்பு சுலபம், ஒரே வளைவு.

பன்னிரண்டும் முடிந்து விலகி நின்று பார்த்தோம். கண் இல்லாமல் பன்னிரண்டு பேர் சிரித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். வெளியே மேகம் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி நின்றது. மணி மூன்றரைதான். விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருட்டிவிட்டது.

"கண்ணு வேண்டாம் தம்பி" என்றார் அக்கா.

"போட்டோல இருக்கே."

"இருக்கட்டும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிருதேன், நீ வச்சுக்கோ. என்னையப் பாக்கக் கூடாது அதுக."

நான் அவரைக் கேலி செய்யவில்லை. மண் சிலைக்காரர் வீட்டிலும் இதே பேச்சுதான். எல்லா வேலையும் முடிந்து கடைசியில்தான் கண் திறப்பார்கள். படுக்கவைத்துத் திறக்க மாட்டார்கள், நிற்கவைத்துத்தான். எதிரே ஆள் நிற்கக் கூடாது. முதல் பார்வை மனுஷன் மேல் விழக் கூடாது என்பதற்காக எதிரே கண்ணாடி பிடிப்பார்கள். வரைகிறவர் பின்னால் நின்று, கண்ணாடியில் பார்த்தபடியே கையை முன்னால் கொண்டுபோய்க் கண்ணை எழுதுவார். முதலில் அது தன்னையே பார்த்துக்கொள்ளும். பிறகு யாரை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இதைச் சொன்னதும் அக்காவின் முகம் தெளிந்தது. "அப்ப அப்படியே செய்வோம். கூடத்துல கண்ணாடி இருக்கு."

கூடத்தில் சாப்பாட்டு மேசைக்கு எதிரே இடுப்பு உயரத்துக்கு ஒரு மர அலமாரி. அதன் மேல் சுவரில் சாய்த்து வைத்த கண்ணாடி, இரண்டு முழ அகலம், தடித்த சட்டம் போட்டது. அலமாரி மேலேயே டம்ளர்களை வரிசையாகக் கவிழ்த்து, ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு பிஸ்கட்டைச் சாய்த்து, பன்னிரண்டையும் கண்ணாடியைப் பார்க்க நிறுத்தினேன். கறுப்புக் கலர் இல்லை. காப்பித்தூளில் இரண்டு சொட்டு வெந்நீர் விட்டுக் குழைத்தால் கறுப்பாகத்தான் இருந்தது. பல்குச்சியை அதில் தொட்டு, பின்னால் நின்று, தோளுக்கு மேலாக எட்டி, கண்ணாடியில் பார்த்தே வரைந்தேன்.

கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும். கை ஒரு பக்கம் போக நினைத்தால் இன்னொரு பக்கம் போகும். முதல் மூன்றுக்குக் கண் கொஞ்சம் கோணல். என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் துடைக்கும்போது, முன்பு இருந்ததைவிட ஒரு முகம் கூடுதலாக என்னைப் பார்த்தது. நான் வரைந்ததுதான். அது தெரிந்தும் நான் குனிந்துகொண்டேன்.

பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதற்குக் குச்சியை எடுத்தபோது கேட்டில் கார் ஹாரன் கேட்டது. ஐந்து மணிக்கு வர வேண்டியவர்கள் நாலரைக்கே வந்துவிட்டார்கள். அக்கா ஓடினார். கேட்டை ஒட்டி அந்தக் காட்டுமாடு இன்னும் நின்றது. கார் வெளியே, நாங்கள் உள்ளே, மாடு நடுவில். நான் ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு சுவரோரமாகப் போனேன். அது அவசரப்படவில்லை. கால் மணி நேரம் கழித்து, தனக்குத் தோன்றியபோது பள்ளத்தில் இறங்கிப் போனது. மேகம் அதை மூடிக்கொண்டது.

காரில் இருந்து அந்தத் தாய்தான் முதலில் இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும், சாம்பல் நிற சால்வை. எங்களிடம் ஒன்றும் பேசாமல் நேராக வீட்டுக்குள் போனார். வழி தெரிந்தவர். நானும் அக்காவும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, அவருடைய கணவரான அந்த சாரோடு பின்னால் போனோம்.

வாசலைத் தாண்டியதுமே கண்ணாடியில் பார்த்துவிட்டேன்.

கதவு அத்தனை நேரம் திறந்து கிடந்திருக்கிறது. ஈரக்காற்று கூடம் முழுக்க நிறைந்திருந்தது. காப்பிக் கறுப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு இளகிவிட்டது. படுக்கவைத்திருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும். நான் நிற்கவைத்துவிட்டேன். பதினொரு பேருக்கும் இரண்டு கண்ணில் இருந்தும் கறுப்புக் கோடு கன்னத்தில் இறங்கி, சிரித்துக்கொண்டிருந்த வாயைத் தாண்டி, ரோஸ் கவுன் வரை வழிந்திருந்தது. கடைசியில் பன்னிரண்டாவது, கண்ணே இல்லாமல். அந்த முகங்களுக்கு மேலே, கண்ணாடிக்குள், தாயின் முகம்.

அக்கா ஸ்வெட்டர் கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

"என்னது இது?" என்றார் சார். சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "யார் செஞ்சது? எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?" பையில் இருந்து போனை எடுத்து ஓனர் நம்பரைத் தேட ஆரம்பித்தார். அக்காவின் பின்னறையும் பெட்டியும் அந்த விரலில் நின்றன.

"கொஞ்சம் இருங்க" என்றார் தாய். திரும்பவில்லை. கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தார். "யாரு இப்படி நிக்க வச்சது?"

"நாந்தாங்க."

"ஏன்?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இல்லை. சிலைக்காரர் வீட்டில் கண் திறக்கிற முறையைச் சொன்னேன். முதல் பார்வை ஆள் மேல் விழக் கூடாது என்பதால் கண்ணாடி வைத்தேன் என்றேன்.

"விழுந்தா என்ன ஆகும்?"

"தெரியாதுங்க. யாரும் நின்னு பாத்ததில்ல."

அவர் ஓரத்தில் இருந்த பிஸ்கட்டின் தோளை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார். அடுத்ததைத் திருப்பினார். அடுத்ததை. பள்ளிக்கூடத்து வரிசையில் பிள்ளைகளைத் திருப்பி நிறுத்துகிற மாதிரி. சாரின் விரல் போன் மேலேயே நின்றுவிட்டது. பதினொன்றும் திரும்பி அவரைப் பார்த்தன. அவர் ஒரு நாற்காலியை இழுத்து அலமாரிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"இதுக்கு ஏன் கண் இல்ல?"

"நீங்க வந்துட்டீங்க. முடியல."

"இப்ப வைங்க."

பன்னிரண்டாவது பிஸ்கட்டை அவரே எடுத்துத் திருப்பி, தன் முகத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டார். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் அவர் முகம்.

நான் குச்சியை எடுக்கவில்லை. வெட்டிப் பயம் என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு அது வெட்டிப் பயமாக இல்லை. சிலைக்காரர் வீட்டில் மண் மிதிக்கிறவனுக்குக்கூட எதிரே நிற்க அனுமதி கிடையாது. அக்காவைப் பார்த்தேன். அவர் சாரின் கையில் இருந்த போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தலையை ஒரே ஒரு தடவை அசைத்தார்.

குச்சியைத் தொட்டு எடுத்தேன். பிஸ்கட்டுக்குப் பின்னால் நின்று கையை முன்னால் கொண்டுபோனேன். பார்த்து வரையக் கண்ணாடி இல்லை. அவருடைய கண்ணைப் பார்த்தேன். என் குச்சி எங்கே போகிறது என்பது அந்தக் கண்ணில்தான் தெரிந்தது. வலது கண் வைத்தேன். அவர் இமைக்கவில்லை. இடது கண் வைத்தேன்.

எங்கோ கூரையில் இருந்து தண்ணீர் சொட்டியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது அவரைப் பார்த்தது. உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரித் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். பிறகு சரி என்பது மாதிரி நிமிர்ந்தார்.

அதன் கையைக் கடித்தார். மென்று விழுங்கினார்.

"சீனி கம்மி" என்றார்.

"ருசி பாக்கலங்க மேடம்" என்றார் அக்கா, அழுகையை அடக்கிக்கொண்டு. "படையல்னு நெனச்சு..."

"சரியாத்தான் நெனச்சிருக்கீங்க." இன்னொன்றை எடுத்துக் கணவரிடம் நீட்டினார். அவர் போனைப் பையில் போட்டுவிட்டு வாங்கினார். ஆனால் முகத்தை உள்ளங்கைப் பக்கம் கவிழ்த்துத்தான் பிடித்துக்கொண்டார். அப்படியே தின்றார்.

அன்றைக்கு எனக்கு விறகுக் கொட்டகையில் படுக்க இடம் கிடைத்தது, இரண்டு சாக்கும் கிடைத்தது. நன்றாகத் தூங்கினேன். அக்கா காலையில் வரக்காப்பியோடு வந்தார். மேகம் விலகி ரோடு பளிச்சென்று தெரிந்தது. மாடு இல்லை. பள்ளங்கிக்கு ஒரு மணி நேர நடைதான்.

"மூணு நாள் இருக்காகளாம்" என்றார் அக்கா. "தெனமும் பன்னெண்டு வேணுமாம். கண்ண மட்டும் அவுக வந்து ஒக்காந்தப்புறம் வைக்கணுமாம். சாரு விடிஞ்சதும் கார எடுத்துட்டுப் பஜாருக்குப் போயி ரெண்டு கிலோ சீனியும் வெண்ணெயும் வாங்கியாந்துட்டாரு. ஓனருக்கிட்டயும் நல்லவிதமாப் பேசிட்டாராம்."

"அப்புறம் என்னக்கா, எடம் தப்பிச்சிருச்சு."

"நீ போயிட்டா எங்க தப்பிக்கும்? அடுப்ப யாரு பத்தவைப்பா? கண்ண யாரு வைப்பா? நான் மாட்டேன்." கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டார். "நேத்து நாலு மிச்சம் இருந்துச்சு. நாற்காலியப் பாத்தாப்புலதான் வச்சுட்டுப் போனாக. காலையில பாத்தா நாலும் வாசலப் பாத்து நிக்கிது."

"அந்தம்மா திருப்பிருப்பாக."

"அப்படித்தான் இருக்கும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

காப்பியைக் குடித்து முடித்தேன். பூண்டு ஊன்றுவது எங்கும் போய்விடாது. மூன்று நாள் இருக்கிறேன் என்றேன்.

"அப்ப மொத வேல" என்றார் அக்கா. "அந்தக் கண்ணாடி அங்க வேண்டாமாம். கொட்டகையில கொண்டாந்து போடணுமாம்."

கண்ணாடி நினைத்ததைவிடக் கனம். கயிறு கட்டி, முகம் வெளியே இருக்கும்படி முதுகில் சுமந்துகொண்டேன். கூடத்தைத் தாண்டி, அந்த நாலு பிஸ்கட்டையும் தாண்டி, பின்வாசல் வழியாகத் தோட்டத்தில் இறங்கினேன். அக்கா பின்னால் வந்தார். பாதித் தோட்டத்தில் அவருடைய செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நட. திரும்பாத."

எனக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாதே. அவர் கண்ணாடியில் எதைப் பார்த்தார் என்று அன்றும் கேட்கவில்லை, மூன்று நாளில் ஒரு தடவையும் கேட்கவில்லை. கொட்டகைக்குள் சுவரைப் பார்க்க அதை நிறுத்தி, நான் படுத்திருந்த சாக்கால் மூடினேன். திரும்பி வந்து கையைக் கழுவினேன். அடுப்பில் பழைய சாம்பலை அள்ளிவிட்டு விறகு அடுக்கினேன். மாவை டம்ளரில் அளந்து கொட்டி, சீனியை இரண்டு கை கூடப் போட்டேன்.